தூக்குவது யார்? பயணச் சாமான்களின் கதை

"அந்தக் காலத்தில் ஒரே ஒரு துணிமூட்டையோடு நாடு விட்டு நாடு போனார்கள். இப்போது இரண்டு நாள் பயணத்துக்கே இரண்டு பெட்டி ஆகிறது. எப்போதிருந்து இப்படி ஆனோம்?" இதுதான் கேள்வி.

முன்பு எல்லோரும் குறைவாகக் கொண்டுபோனார்கள், நாம்தான் அளவு மீறிச் சுமக்கிறோம் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது பாதிதான் உண்மை. ஒற்றை மூட்டையோடு போனவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். இருபது பெட்டியோடு போனவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். இந்த விஷயத்தை நான் வருடக்கணக்காகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஒருவர் எவ்வளவு சாமான் எடுக்கிறார் என்பதை அவருடைய தேவையைவிட, அதைத் தூக்கப்போவது யார் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. தன் முதுகா, அடுத்தவர் முதுகா, மாடா, ஒட்டகமா, ரயிலா, நாலு சக்கரமா? தூக்கும் ஆள் மாறும்போதெல்லாம் மூட்டையின் அளவும் மாறியிருக்கிறது.

முதலில் தன் முதுகில் சுமந்த ஒருவரைப் பார்த்துவிடுவோம். 1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், 3,210 மீட்டர் உயரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. 5,000 வருடங்களுக்கும் மேலாக உறைந்திருந்த உடல். ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். அவரோடு அவருடைய சாமான்களும் அப்படியே கிடைத்தன. வழியில் இருந்த ஒரு மனிதரின் முழு மூட்டை, கலையாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதே எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம்.

என்னென்ன வைத்திருந்தார்? செப்புக் கோடரி ஒன்று. உறையோடு ஒரு கல்கத்தி. ஆள் உயரத்தைவிடப் பெரிய வில், அதுவும் இன்னும் செதுக்கி முடிக்காதது. அம்பறாத்தூணியில் 14 அம்புகள், அவற்றில் இரண்டே இரண்டுதான் எய்யும் நிலையில் இருந்தன. மற்றதெல்லாம் வெறும் குச்சிகள். போகிற வழியில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம் என்று எடுத்து வந்திருக்கிறார். மரக்கொம்பை வளைத்துச் செய்த முதுகுச்சட்டம். மரப்பட்டையில் தைத்த இரண்டு டப்பாக்கள். ஒன்றில் பச்சை மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் இருந்தன. கனன்றுகொண்டிருக்கும் நெருப்புத் தணலை இலையில் சுற்றி எடுத்துப் போவதற்கான டப்பா அது. அப்புறம் இடுப்பில் ஒரு சிறு பை. அதில் கல் கருவிகள், எலும்பு ஊசி, நெருப்புப் பற்றவைக்க உதவும் காளான். தோல்வாரில் கோத்த இன்னொரு வகைக் காளான் துண்டுகள் இரண்டு, மருந்துக்காக வைத்திருக்கலாம் என்கிறார்கள்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். பொருட்களைவிடப் பொருட்களைச் செய்யும் வழிதான் அதில் அதிகம். நெருப்பும் கருவியும் கையில் இருந்தால் மற்றதை வழியில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் தன் முதுகில் ஏறப்போகிறது என்று தெரிந்தவர் கட்டிய மூட்டை அது.

இனி எதிர்ப்பக்கம் போவோம். ரோமானியர்கள் படையின் சாமான்களுக்கு வைத்த பெயர் 'இம்பெடிமென்டா'. லத்தீனில் அதற்குத் தடைகள் என்று பொருள். படை நகர முடியாமல் தடுப்பதே சாமான்தான் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் மாரியஸ் என்ற தளபதி பொதிவண்டிகளைக் குறைத்து, வீரர்கள் தங்கள் உணவையும் கருவிகளையும் தாங்களே சுமக்க வேண்டும் என்றார். ஒரு கோலில் மூட்டையைக் கட்டித் தோளில் சாய்த்து நடந்த அந்த வீரர்களுக்கு 'மாரியஸின் கோவேறு கழுதைகள்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பெயர் கேவலமாக இருந்தாலும் படை வேகமாக நகர்ந்தது.

அடுத்தவர் சுமக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பயணத்தைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது கடினம். 1660-களில் அவர் காஷ்மீருக்குப் போனபோது கூடவே போன பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே அதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அரசருக்கு ஒரே மாதிரி இரண்டு கூடார நகரங்கள். இன்று அவர் ஒன்றில் தங்கியிருக்கும்போது, மற்றொன்று ஒரு நாள் முன்னதாகப் போய் அடுத்த இடத்தில் தயாராக நிற்கும். அதைச் சுமக்க மட்டும் 60-க்கும் மேற்பட்ட யானைகள், 200 ஒட்டகங்கள், 100 கோவேறு கழுதைகள், 100 மனிதர்கள். எளிதில் உடையக்கூடிய பீங்கான் போன்றவற்றை மனிதர்கள் தூக்கினார்கள். படுக்கை, இருக்கை, பாத்திரம், கூடாரம் எல்லாம் வீட்டில் இருப்பது போலவே வழியிலும் இருக்க வேண்டும் என்றால் வீட்டையே இரண்டு மடங்காக்கிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சாதாரண மக்களின் மூட்டையிலும் படுக்கை இருந்தது. போகிற இடத்தில் பாய் கிடைக்கும், போர்வை கிடைக்கும் என்ற உறுதி யாருக்கும் கிடையாது. 'பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டான்' என்று இன்றும் சொல்கிறோம். படுக்கை நம் பயணத்திலிருந்து எப்போதோ கழன்றுபோய்விட்டது, பேச்சில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, அந்தக் காலத்தில் குறைவாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்லும்போது, அந்தக் குறைவுக்குள் படுக்கையும் சமையல் பாத்திரமும் தண்ணீர்க் குடுவையும் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது.

சாமானால் உயிரே போன கதைகளும் உண்டு. 1845-இல் சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் 129 பேர் இரண்டு கப்பல்களில் ஆர்க்டிக் கடல்வழியைத் தேடிப் போனார்கள். கப்பல்கள் பனியில் சிக்கின. 1848-இல் எஞ்சியிருந்தவர்கள் கப்பலை விட்டு இறங்கித் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. 1859-இல் தேடிப்போன மெக்கிளின்டாக் குழு, கிங் வில்லியம் தீவில் சறுக்குவண்டியின் மேல் ஏற்றிக் கட்டிய ஒரு படகைக் கண்டது. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே பட்டுக் கைக்குட்டைகள், வாசனைச் சோப்பு, சீப்புகள், செருப்புகள், புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகளும் முட்கரண்டிகளும். படகும் சறுக்குவண்டியும் மட்டுமே சுமார் 635 கிலோ இருக்கும் என்று மெக்கிளின்டாக் கணக்கிட்டார். பசியில் நோயில் வாடிய மனிதர்கள் அதைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக் கரண்டிகளை நினைத்தால் எனக்கு மனது பாரமாகிவிடும். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கப்பல் சுமந்தவரை அந்தக் கரண்டிகளுக்கு எடையே இல்லை. கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்துதான் அவற்றுக்கு எடை வந்தது. அதற்குள் அவை 'நம்முடைய பொருட்கள்' ஆகிவிட்டன. அதே நிலப்பரப்பில் ஜான் ரே என்ற மருத்துவர், அங்கேயே வாழும் இனுயிட் மக்களிடம் கற்றுக்கொண்டு, நாலைந்து பேரோடு, பனிவீடு கட்டித் தங்கி, வேட்டையாடித் தின்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார். பிராங்க்ளின் குழுவுக்கு என்ன ஆனது என்ற முதல் தகவலை 1854-இல் கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஆஸ்திரேலியாவை ஊடறுத்து நடக்க 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து கிளம்பிய பர்க், வில்ஸ் குழுவும் ஏறக்குறைய இப்படித்தான். 19 பேருக்கு 20 டன் சாமான், 26 ஒட்டகங்கள், 23 குதிரைகள், 6 வண்டிகள். அதில் ஒரு மேசையும் நாற்காலிகளும்கூட இருந்தன. ஒரு வண்டி ஊரைத் தாண்டும் முன்பே உடைந்தது. தலைவர்கள் இருவருமே அடுத்த ஆண்டு வழியில் இறந்துபோனார்கள்.

எது தேவையில்லாத சுமை என்று வெளியிலிருந்து சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ஸ்காட்டும் அவருடைய தோழர்களும் உறைந்து இறந்தபோது, அவர்களுடைய சறுக்குவண்டியில் 16 கிலோ பாறைத்துண்டுகள் இருந்தன. கடைசிவரை அதை அவர்கள் தூக்கி எறியவில்லை. அந்தப் பாறையில் இருந்த குளோசோப்டெரிஸ் என்னும் தாவரத்தின் புதைபடிவங்கள்தான், அண்டார்டிகா ஒரு காலத்தில் மற்றக் கண்டங்களோடு ஒட்டியிருந்தது என்பதற்கு வலுவான சான்றாயின. அந்த 16 கிலோவை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதிகச் சாமான் கொண்டுவரச் சொல்லிச் சட்டமே கட்டாயப்படுத்திய ஒரு நிகழ்வும் இருக்கிறது. 1896-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. மறு வருடமே பல்லாயிரம் பேர் கிளம்பிவிட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே உணவுத் தட்டுப்பாடு வந்து பட்டினி வரும் என்ற நிலையில், ஒரு வருடத்துக்கான உணவும் கருவிகளும் இல்லாதவர்களை எல்லைக்குள் விடமாட்டோம் என்று கனடா காவல்படை அறிவித்தது. எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஏறக்குறைய ஒரு டன். வழியில் இருந்ததோ சில்கூட் கணவாய். பனியில் வெட்டிய படிகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். வண்டி போகாது, குதிரை போகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நடைக்கு 30 கிலோ தூக்கினால் 900 கிலோவுக்கு 30 நடை. முப்பது முறை முன்னே போக, 29 முறை வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும். சாமான் ஒரு கிலோமீட்டர் முன்னேற, ஆள் 59 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மேலே மூட்டையைப் போட்டுவிட்டு, பனிச்சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்து, அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். பணம் இருந்தவர்கள் அந்தப் பகுதியின் டிலிங்கிட் பழங்குடியினருக்கு எடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துத் தூக்கவைத்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது: வெள்ளைச் சரிவில் எறும்பு வரிசை போல் குனிந்த முதுகுகள். நம்முடைய பெட்டி கனமாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளும்போது நான் அந்தப் படத்தை நினைத்துக்கொள்வேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். குதிரைவண்டிக் காலத்தில் டிரங்குப் பெட்டிகளின் மூடி வளைந்து குவிந்திருக்கும். வண்டியின் கூரைமேல் கட்டுவதால் மழைநீர் வழிந்தோட அப்படிச் செய்தார்கள். ரயில் வந்ததும் பெட்டி கூரைக்கு அடியில் போய்விட்டது, மழைக்கவலை தீர்ந்தது. ஆனால் குவிந்த மூடியின் மேல் இன்னொரு பெட்டியை அடுக்க முடியவில்லை. பாரிசில் சாமான் கட்டும் தொழிலாளியாக இருந்து 1854-இல் சொந்தக் கடை போட்ட லூயி விட்டோன், 1858-இல் தட்டையான மூடி வைத்த பெட்டியைக் கொண்டுவந்தார். தோலுக்குப் பதில் நீர்புகாத துணி போர்த்தியது, அதனால் எடையும் குறைவு. இன்றைக்கு நமக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும் 'தட்டைப் பெட்டி' என்பது ரயில் பெட்டிக்காகப் பிறந்தது.

ரயிலும் நீராவிக் கப்பலும் சேர்ந்து வசதியானவர்களுக்குப் புதிய முதுகுகளைக் கொடுத்தன. கூலி வாங்கிக்கொண்டு தூக்கும் சுமைதூக்கிகள் ஒவ்வொரு நிலையத்திலும் துறைமுகத்திலும் நின்றார்கள். பெட்டிகள் பெருகின. நிமிர்த்தி வைத்தால் அலமாரியாகவே ஆகிவிடும் டிரங்குகள் வந்தன: ஒருபக்கம் சட்டை மாட்டும் கம்பி, மறுபக்கம் இழுப்பறைகள். 1912-இல் டைட்டானிக்கில் பயணம் செய்து உயிர்பிழைத்த சார்லட் கார்டேசா என்ற அமெரிக்கப் பெண்மணி, மூழ்கிய தன் சாமான்களுக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுத்தார்: 14 டிரங்குகள், 4 சூட்கேஸ்கள், 3 மரப்பெட்டிகள். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் வேலை தேடி நாடு மாறிப் போன குடும்பங்கள் ஒரு மூட்டையில் வாழ்க்கை முழுவதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தன. ஒரே கப்பல், ஒரே நாள். 'அந்தக் காலத்தில்' என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம்?

கப்பல் பயணத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது, அது காணாமல் போனதில் எனக்கு வருத்தம். பெட்டிகளில் சீட்டு ஒட்டுவார்கள். 'பயணத்தில் தேவைப்படும்' என்று ஒரு வகை, 'பயணத்தில் தேவைப்படாது' என்று ஒரு வகை. தேவைப்படாதது அடித்தளத்துக்குப் போய்விடும். அறைக்குள் வருவது, படுக்கைக்கு அடியில் நுழையும் உயரத்தில் செய்த தட்டையான கேபின் டிரங்கு மட்டும். அதாவது கிளம்பும் முன்பே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு வழியில் வேண்டுமா, போய்ச் சேர்ந்த பிறகு வேண்டுமா என்று கேட்டாக வேண்டும். இன்றும் பெட்டி கட்டும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சூட்கேஸ் முதலில் சூட் மடங்காமல் கொண்டுபோவதற்கான தட்டையான உறைப்பெட்டியாகத்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. கையால் தூக்கக்கூடிய பெட்டி என்பதால் பரவியது. சுமைதூக்கிகள் குறையக் குறைய டிரங்குகள் மறைந்தன, சூட்கேஸ் மிஞ்சியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விமானநிலையங்கள் நீண்டுகொண்டே போயின. தூக்க ஆளில்லை, நடக்கும் தூரம் மட்டும் அதிகம்.

அப்படி இருந்தும் சூட்கேஸுக்குச் சக்கரம் பரவலாக வர 1970-கள் ஆனது. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல்! சூட்கேஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் துணைத்தலைவராக இருந்த பெர்னார்ட் சாடோ, அருபா தீவில் விடுமுறை முடித்துக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் இரண்டு பெரிய பெட்டிகள். சுங்கச் சோதனையில் நிற்கும்போது, ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து லேசாகத் தள்ளிப் போவதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, அலமாரி டிரங்கின் அடியில் இருக்கும் சிறு சக்கரங்களைக் கழற்றிச் சூட்கேஸில் பொருத்தி, ஒரு வாரைக் கட்டி இழுத்துப் பார்த்தார். 1972-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கடைகள் ஆரம்பத்தில் வாங்க மறுத்தன. ஆண்பிள்ளை யாராவது பெட்டியை இழுத்துக்கொண்டு போவானா, தூக்கத்தானே செய்வான் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது என்று சாடோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொறியியல் தடை எதுவும் இல்லாமல் ஒரு வீம்பால் மட்டுமே இத்தனை வருடம் தோள்கள் வலித்திருக்கின்றன என்பது எனக்கு ஆறாத ஆதங்கம்.

சாடோவின் பெட்டி படுக்கைவாட்டில் நாலு சின்னச் சக்கரங்களில் ஓடும். திருப்பத்தில் சாய்ந்து விழும். 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி வைத்து, இரண்டு சக்கரமும் உள்ளிழுக்கும் கைப்பிடியும் பொருத்தினார். முதலில் சக விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும்தான் விற்றார். அவர்கள் சீருடையில் அதை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்த பயணிகள், எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சக்கரம் பெரிய வரம். முதுகுவலிக்காரர்களும் முதியவர்களும் தனியாகப் பயணம் போக முடிவது அதனால்தான். ஆனால் எடையை நம் கைக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே தூதனையும் அது அனுப்பிவிட்டது. வழவழப்பான தரையில் 20 கிலோவும் 8 கிலோவும் ஒரே மாதிரிதான் உருளும். முதல் படிக்கட்டு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது எதையும் வெளியே எடுக்க முடியாது.

விமானம் மட்டும் எடையை மறக்கவே விடவில்லை. தொடக்கக்கால விமானங்களில் பெட்டியோடு பயணியையும் நிற்கவைத்து எடை போட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சர்வதேசப் பயணத்தில் முதல் வகுப்புக்கு 30 கிலோ, சாதாரண வகுப்புக்கு 20 கிலோ என்பது பொது வழக்காக இருந்தது. இப்போது பல இடங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றும், என்ன பணம் கொடுத்தாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது. அந்த 32 கிலோ வரம்பு விமானத்துக்காக வைத்ததில்லை. அதைத் தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்தது. நாம் பெட்டியை ஒப்படைத்த பிறகு அது தானாக விமானத்துக்குள் போய்விடுகிறது என்றே பலர் நினைக்கிறோம். சிறிய ரக விமானங்களின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. உள்ளே ஒருவர் முட்டிபோட்டபடி, ஒவ்வொரு பெட்டியாக வாங்கி அடுக்குகிறார். 'கனமானது' என்று ஒரு சீட்டு ஒட்டுகிறார்களே, அது அவருக்கான எச்சரிக்கை.

2008-இல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2023-இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக் கட்டணத்தில் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் ஈட்டின. ஒப்படைக்கும் பெட்டிக்குக் கட்டணம் என்றானதும் மக்கள் சாமானைக் குறைப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஓரளவு குறைத்தார்கள்தான். ஆனால் பெரும்பகுதி இடம் மாறி, விமானத்துக்குள் தலைக்கு மேலே இருக்கும் சாமான் அறைக்கு ஏறிவிட்டது. அந்த அறைகள் போதவில்லை என்று போயிங் நிறுவனம் பெட்டிகளைப் பக்கவாட்டில் நிறுத்திவைக்கும்படி புதிய அறைகளைச் செய்தது. நாலு பெட்டி இருந்த இடத்தில் ஆறு. இடம் கூடக்கூடச் சாமானும் கூடும் என்பதை இத்தனை நூற்றாண்டு பார்த்த பிறகு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சரி, பெட்டிக்கு உள்ளே என்ன மாறியிருக்கிறது? பொருள் பொருளாகப் பார்த்தால் நிறையக் குறைந்திருக்கிறது. கேமரா, வரைபடம், டார்ச், அலாரம் கடிகாரம், புத்தகங்கள், முகவரிப் புத்தகம், டிக்கெட், பாட்டுக் கருவி எல்லாம் ஒரு போனுக்குள் போய்விட்டன. துணிகள் லேசாகிவிட்டன, சீக்கிரம் காய்கின்றன. போகிற இடத்தில் சோப்பும் துண்டும் மருந்தும் கிடைக்கின்றன. பதிலுக்கு சார்ஜர்களும் வயர்களும் பவர்பேங்கும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் அணைக்க முடியும் என்பதால், பவர்பேங்கை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு, கைப்பையில் திரவம் ஒரு குப்பிக்கு 100 மில்லிதான் என்ற விதி வந்து, ஷாம்பு பாட்டில்களும் சுருங்கிவிட்டன.

ஆக, தனி ஒருவர் இன்று கொண்டுபோவது, 1912-இன் முதல் வகுப்புப் பயணியைவிட மிகமிகக் குறைவு. கால்நடையாகப் போன யாத்திரிகரைவிட அதிகம். கூடியிருப்பது பயணிகளின் எண்ணிக்கைதான். 1950-இல் உலகம் முழுக்க எல்லை தாண்டிச் சுற்றுலா போனவர்களின் வருகை எண்ணிக்கை சுமார் 2.5 கோடி. 2019-இல் அது 146 கோடி. எங்கு பார்த்தாலும் பெட்டியாகத் தெரிவதற்குக் காரணம் இது.

அப்படியென்றால் ஏன் நம் பெட்டி எப்போதும் நிறைந்தே இருக்கிறது? நான் கவனித்தவரை பெட்டியை நிரப்புவது 'ஒருவேளை' என்ற சொல். ஒருவேளை மழை வந்தால், ஒருவேளை விருந்துக்குக் கூப்பிட்டால், ஒருவேளை கறை பட்டால். ஓட்சியிடமும் 'ஒருவேளை' இருந்தது. ஆனால் அவர் அதற்குப் பதிலாகக் குச்சிகளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டார், முடிந்த அம்புகளை அல்ல. இன்னொரு காரணம் பிறர் அன்பு. 1689-இல் ஜப்பானியக் கவிஞர் பாஷோ நெடும்பயணம் கிளம்பியபோது உடம்போடு மட்டும் போக வேண்டும் என்றுதான் நினைத்தார். இரவுக் குளிருக்கு ஒரு காகித அங்கி, ஒரு மெல்லிய உடை, மழைக்கு ஒன்று, எழுத மையும் தூரிகையும் என்று சேர்ந்துவிட்டது. அதோடு நண்பர்கள் வழியனுப்பும்போது கொடுத்த பரிசுகள். அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் வழியெல்லாம் சுமந்து சிரமப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். வீட்டை விட்டுக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் கையில் ஒரு பொட்டலம் திணிக்கப்பட்ட எவருக்கும் இது புரியும்.

எதுவுமே இல்லாமல் போனவர்களும் உண்டு. 1953 முதல் 1981 வரை, 'பீஸ் பில்கிரிம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு பெண்மணி அமெரிக்கா முழுவதும் அமைதியை வலியுறுத்தி நடந்தார். அவருடைய மேலாடையின் பைகளில் இருந்தவை ஒரு சீப்பு, பல்துலக்கும் பிரஷ், பேனா, சில துண்டறிக்கைகள், கடிதங்கள். யாராவது உணவு கொடுத்தால் உண்பார், இடம் கொடுத்தால் தங்குவார். நம்மில் யாருக்கும் அது சாத்தியமில்லை என்பது வேறு. ஆனால் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடைப்பயண யாத்திரிகர்களிடம் ஒரு கணக்கு உண்டு: முதுகுப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 60 கிலோ ஆள் என்றால் 6 கிலோ. நான் நடந்து போகாவிட்டாலும் கைப்பைக்கு அதையே அளவாக வைத்திருக்கிறேன். பெரிய பெட்டி என்றால், கட்டி முடித்ததும் சக்கரத்தில் உருட்டாமல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, இரண்டு மாடி ஏறி இறங்குவேன். மூச்சு வாங்கினால் திறந்து பாதியை வெளியே எடுப்பேன். கிளம்புவதற்கு முந்தின இரவு செய்ய வேண்டும், காலையில் செய்தால் மனம் வராது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமானநிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஆனால் பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பணியாளர்கள் சொன்னபடி தலைக்கு மேலே இருந்த பைகளை எடுக்காமல் அப்படியே விட்டு இறங்கியதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். விமானம் முழுவதும் எரிந்து சாம்பலானது.

அதனால் பாஸ்போர்ட், அன்றாட மருந்து, போன், கொஞ்சம் பணம் இவற்றைப் பெட்டியிலும் வைக்காதீர்கள், தலைக்கு மேலே போகும் பையிலும் வைக்காதீர்கள். சட்டைப்பையிலோ இடுப்பில் கட்டும் சிறு பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஓட்சி நெருப்புக் காளானை முதுகுச்சட்டத்தில் கட்டவில்லை, இடுப்புப் பையில்தான் வைத்திருந்தார்.